இரண்டு கூட்டல் மூன்று பெருக்கல் நான்கு

— பயமா? என் பொண்ணுக்கா? நல்லா சொன்னீங்க மேடம்! ம்வேரா காத்து அடிக்கிற நாள்ல, ஆம்பளைங்களே கரையில குந்திக்கிட்டு இருக்கும்போது, தனியா ஓடத்தைத் தள்ளிக்கிட்டு வலை எடுக்கப் போறவ அவ. முசூசு டவுனைப் பார்த்தா பயப்படப் போறா?

— இல்ல நியாலோங்வே, அதாவது... ஹாஸ்டல்னா சில பிள்ளைங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். வீட்டை விட்டு முதல் தடவையா...

— ஹாஸ்டலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அங்க பாருங்க, செவத்து ஓரமா. தகரப் பெட்டி தெரியுதா? மேல மெத்தை சுருட்டி வச்சிருக்கேன். வாளி, தட்டு, போர்வை, மண்வெட்டி, அந்த ஸ்கூல்காரங்க கேட்ட அத்தனையும் என் தம்பி வாங்கிட்டு வந்து போட்டுட்டான். ஸ்கூல் தொறந்து இன்னியோட பன்னெண்டு நாள். பெட்டி எப்பவோ தயாரு. பொண்ணுதான் நகரமாட்டேங்குறா.

— அதுக்குத்தான் ஓடி வந்தேன். முசூசுலேர்ந்து ஹெட்மாஸ்டருக்குப் போன் வந்துச்சு. வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் இவ கட்டிலைக் காலியா வச்சிருப்பாங்களாம். அப்புறம் வேற பொண்ணுக்குக் குடுத்துடுவாங்க.

— குடுக்கட்டும்! குடுத்துட்டா, எங்கம்மாவாணை, இவளை இந்த மீனோட மீனா கொடியில காயப் போடுறேன். நீங்க உக்காருங்க மேடம், ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? அந்த முக்காலியை இழுத்துப் போட்டுக்கோங்க. கையில உசிப்பா மீன் வாடை, இல்லாட்டி நானே எடுத்துக் குடுப்பேன்.

— பரவாயில்ல, நிக்கிறேன். நானும் ஒரு கை மீனைத் திருப்பிப் போடட்டுமா?

— அய்யோ, வேணாம் வேணாம். டீச்சரை மீன் திருப்ப விட்டேன்னு ஊர்ல என்னைத் திருப்பிப் போட்டுடுவாங்க.

— நியாலோங்வே, தப்பா நினைக்காதீங்க. யாராவது பையன்...?

— நானும் அதைத்தான் முதல்ல நினைச்சேன். மூஞ்சியைப் பார்த்தேன், நடையைப் பார்த்தேன், வயித்தையும் பார்த்துட்டேன். மரவள்ளிக் களியைத் தவிர உள்ள ஒண்ணும் இல்ல. அதையும் இப்ப பாதிதான் தின்றா.

— அப்ப நாள் பூரா என்னதான் பண்றா?

— அதைக் கேளுங்க. காலையில எழுந்தா எஸ்னாத் வீட்டுக்குத் தண்ணி தூக்குறா. மத்தியானம் தமாண்டா வீட்டு மரவள்ளியை இடிச்சுக் குடுக்குறா. அவங்க வீட்டுல எல்லாம் கை கால் இருக்கிற பொண்ணுங்க இல்லையா? "என்னடி, அவங்க உன்னை வேலைக்கு வச்சிருக்காங்களா"ன்னு கேட்டா, "சும்மாம்மா"ங்கிறா. சும்மா ஒருத்தி உலக்கை பிடிப்பாளா, நீங்களே சொல்லுங்க.

— எஸ்னாத் இந்த வருஷமும் எட்டாம் வகுப்புல வந்து உக்காந்திருக்கா. தமாண்டாவும்.

— தெரியுமே. பாவம், அதுங்களும் நல்லாப் படிக்கிற பிள்ளைங்கதான்னு சொன்னாங்க. எண்பத்தேழு பேர் பரிட்சை எழுதி என் பொண்ணு ஒருத்திக்குத்தான் இடம்! அதுவும் எதுனால? கணக்குனால! நான் எல்லார்கிட்டயும் சொல்றேன் மேடம், வாய் வலிக்கச் சொல்றேன். "அந்தக் கோண்ட்வே மேடம் வயசுல சின்னவங்க, வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது, ஆனா என் மகளை ஆளாக்கினது அவங்கதான்"னு.

— அப்படிச் சொல்லாதீங்க.

— ஏன் சொல்லக் கூடாது? ஹெட்மாஸ்டரே எல்லார் முன்னாடியும் உங்களுக்குப் பூப்போட்ட சித்தெஞ்சே துணி போர்த்தினாரே. நான் கையெல்லாம் சிவக்கத் தட்டினேன். ஆமா, அதை நீங்க இடுப்புல கட்டி ஒரு நாளும் பார்க்கலையே? கலர் பிடிக்கலையா?

— கலர் நல்ல கலர்தான்.

— பின்ன?

— நியாலோங்வே, தோவேராவைக் கூப்பிடுங்களேன். அவகிட்டப் பேசணும். உங்ககிட்டயும் பேசணும். ரெண்டு பேரும் இருக்கும்போது பேசிடுறேன், இல்லாட்டி எனக்குத் தைரியம் போயிடும்.

— என்னமோ மாதிரி பேசுறீங்களே! ஏய் தோவேரா! தோவேராஆ! காது ஏரியிலயா கிடக்கு? வாடி இங்க, யார் வந்திருக்காங்கன்னு பாரு. வலையை அப்புறம் பின்னலாம்... வர்றா பாருங்க, பிணம் நடந்து வர்ற மாதிரி.

— நல்லா இருக்கீங்களா டீச்சர்?

— இருக்கேன் தோவேரா. நீ?

— ம்.

— "ம்"மாம்! உனக்காக மேடம் சனிக்கிழமை அதுவுமா மேட்டுலேர்ந்து இறங்கி நடந்து வந்திருக்காங்க. ஒழுங்கா முழு வார்த்தை பேசுடி.

— திட்டாதீங்க நியாலோங்வே. தோவேரா, நீ ஏன் முசூசுக்குப் போகலைன்னு நான் கேக்க வரல. ஏன்னு எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன்.

— தெரியுமா டீச்சர்?

— என்னாலதான். அந்த நவம்பர் மாச விஷயத்தாலதான்.

— என்ன நவம்பர் மாச விஷயம்? எனக்குச் சொல்லுங்க யாராவது. என் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு எனக்குத் தெரியாத கதை பேசுறீங்க.

— சொல்றேன். நான் டிரெய்னிங் முடிச்சது ரெண்டாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்க, எழுத்துப் பழக்க. இங்க வந்த முதல் வருஷம் அதைத்தான் செஞ்சேன். ரெண்டாம் வருஷம் கணக்கு சார் மாற்றலாகிப் போயிட்டாரு. ஹெட்மாஸ்டர் சாக்பீஸ் டப்பாவை என் கையில குடுத்து, "இனிமே எட்டாம் வகுப்புக் கணக்கு உங்களுது"ன்னாரு. முடியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. பெருமையாக்கூட இருந்துச்சு.

— இருக்காதா பின்ன.

— உள்ள போனா எண்பத்தேழு பேர். கடைசி பெஞ்சுல மீசை வச்ச பசங்க, என்னை விட ரெண்டு மூணு வயசுதான் சின்னவங்க. ஸ்டாஃப் ரூம்ல மூத்த டீச்சர் ஒருத்தங்க சொல்லி அனுப்பினாங்க: "ஒரு தடவை தப்புன்னு ஒத்துக்கிட்டே, அன்னையோட உன் கதை முடிஞ்சது. பிள்ளைங்க தலையில ஏறி உக்காந்துக்கும்." நான் அதை வேதம் மாதிரி பிடிச்சுக்கிட்டேன்.

— சரி...

— நவம்பர்ல ஒரு நாள் கல்வி அதிகாரி பாடத்தைப் பார்க்க வந்து பின்னாடி உக்காந்திருந்தாரு. நான் போர்டுல ஒரு கணக்கு எழுதினேன். ரெண்டு கூட்டல் மூணு பெருக்கல் நாலு. இடது பக்கத்துலேர்ந்து வரிசையாப் போகணும், ரெண்டும் மூணும் அஞ்சு, அஞ்சு நாலு இருபதுன்னு சொல்லிக் குடுத்தேன். எனக்கு என் ஸ்கூல்ல அப்படித்தான் சொன்னாங்களா, இல்ல நான்தான் அப்படிப் புரிஞ்சுக்கிட்டேனா, தெரியல. மொத்த கிளாஸும் "இருபது"ன்னு கத்துச்சு. தோவேரா எழுந்து நின்னா. "பதினாலு, டீச்சர்"னா.

— அவ கையில ஒரு காகிதம் இருந்துச்சுன்னு சொல்லுங்க டீச்சர்.

— ஆமா. காகிதம்.

— என்ன காகிதம்டி?

— மண்டாசிப் பலகாரம் வாங்கினப்ப சுத்திக் குடுத்தாங்களேம்மா. ஏதோ பழைய கணக்குப் புத்தகத்துல கிழிச்சது. எண்ணெய் பட்டு அந்தப் பக்கம் தெரிஞ்சுது. ஆனா எழுத்து படிக்க முடிஞ்சுது. முதல்ல பெருக்கணும், அப்புறம்தான் கூட்டணும்னு போட்டிருந்துச்சு.

— அதை எடுத்துக் காட்டினா. நான் அதிகாரியைப் பார்த்தேன். அவரு பாதித் தூக்கத்துல தலையை நிமிர்த்தினாரு. அவரு முன்னாடி தப்புன்னு ஒத்துக்கக் கூடாதுன்னு மட்டும்தான் எனக்குத் தோணுச்சு. அந்தக் காகிதத்தைப் படிக்கக்கூட இல்ல நியாலோங்வே. ரெண்டு விரலால தூக்கிப் பிடிச்சு, எல்லாருக்கும் காட்டினேன். "பாருங்க பிள்ளைங்களா, மண்டாசிக் கூடைக்குள்ள ஒரு யுனிவர்சிட்டி இருக்கு, நம்ம புரொபசர் அங்கதான் படிச்சிட்டு வந்திருக்காங்க"ன்னேன். சொல்லிட்டு நான்தான் முதல்ல சிரிச்சேன். டீச்சர் சிரிச்சா கிளாஸ் சிரிக்கும்.

— அதான் இந்தப் பசங்க இவளை "புரொபசர், புரொபசர்"னு கூப்பிட்டுச்சுங்களா! நான் என்னமோ கெட்டிக்காரின்னு கூப்பிடுறாங்கன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன்.

— காகிதத்தைக் கசக்கிக் குப்பைக் கூடையில போட்டேன். எதிர்த்துப் பேசினதுக்குத் தண்டனைன்னு ஒரு வாரம் கக்கூசுக்குப் பின்னாடி புல்லு வெட்ட விட்டேன்.

— இருங்க மேடம், இருங்க. நடுவுல நிறுத்துங்க. அந்தக் கணக்கை எனக்குச் சொல்லுங்க. நான் படிச்சவ இல்ல. மீனா வச்சுச் சொல்லுங்க.

— அம்மா, விடும்மா.

— நீ சும்மா இருடி. சொல்லுங்க மேடம்.

— உங்க கையில ரெண்டு மீன் இருக்கு. அப்புறம் மூணு கூடை. கூடைக்கு நாலு மீன்.

— மூணு கூடையில பன்னெண்டு, கையில ரெண்டு. பதினாலு. இதுல என்ன சந்தேகம்?

— ஒரு சந்தேகமும் இல்ல.

— இருபதுன்னு சொல்ற வியாபாரியை இந்தக் கரையில துடுப்பால அடிப்பாங்க மேடம்.

— தெரியும்.

— அப்ப என் பொண்ணு சரியாத்தான் சொல்லியிருக்கா.

— சரியாத்தான் சொன்னா.

— அய்யோ... தோவேரா, அந்த வாரம்தானே நீ கையெல்லாம் கொப்புளமா வந்தே? "என்னடி"ன்னு கேட்டதுக்கு "டீச்சரை எதிர்த்துப் பேசினேன்"னு சொன்னியே?

— ம்.

— நான் களிக் கரண்டியால போட்டேனே உன்னை. டீச்சரை எதிர்த்துப் பேசுற வாய்க்குன்னு ரெண்டு, அம்மா பேரைக் கெடுத்ததுக்குன்னு ரெண்டு. அதோட விட்டேனா? கொப்புளம் உடைஞ்ச கையோட மீனுக்கு உப்புத் தடவ உக்கார வச்சேன். எரியுதுன்னு அழுதே. "நடிக்காதே"ன்னேன். ஏண்டி, நீதான் சரின்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— சொல்லியிருந்தா நம்பியிருப்பியாம்மா?

— ...நம்பியிருக்க மாட்டேன். "மேடத்தை விட உனக்குத் தெரியுமோ"ன்னு இன்னும் ரெண்டு போட்டிருப்பேன். எங்கம்மாவாணை, அதைத்தான் செஞ்சிருப்பேன்.

— உங்க மேல தப்பில்ல நியாலோங்வே.

— என் மேல தப்பு இருக்கா இல்லையான்னு நீங்க சொல்லாதீங்க மேடம். நீங்க இப்ப அதைச் சொல்ற இடத்துல இல்ல. சரி. எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு, தப்புன்னு?

— அன்னிக்கே.

— அன்னிக்கேன்னா?

— அன்னிக்குச் சாயங்காலமே. பிள்ளைங்க போனதும் மனசு கேக்கல. கூடையைக் கிளறி அந்தக் காகிதத்தை எடுத்து நிமிர்த்திப் படிச்சேன். என்கூடப் படிச்சவ ஒருத்தி பெரிய ஸ்கூல்ல கணக்குச் சொல்லித் தர்றா, அவளுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அவ சிரிச்சா. "பதினாலுடி, இது கூடவா தெரியாது"ன்னா. நான் யாருக்கோ கேக்குற மாதிரி பேசிட்டு வச்சுட்டேன்.

— நவம்பர்லயே தெரிஞ்சிருக்கு.

— நவம்பர்லயே.

— பரிட்சை எப்ப?

— மே மாசம்.

— டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்... இந்தக் கை முழுக்க விரல் தீர்ந்து போச்சே மேடம். இத்தனை மாசம் தினமும் அதே பிள்ளைங்க மூஞ்சியில முழிச்சீங்களா?

— முழிச்சேன். தினமும் காலையில மேட்டு வழியா நடந்து வரும்போது, இன்னிக்குச் சொல்லிடணும்னு வார்த்தையைக் கோர்த்துக்கிட்டே வருவேன். "பிள்ளைங்களா, நான் சொன்னது தப்பு." நாலு வார்த்தைதான். கதவைத் தாண்டினதும் எண்பத்தேழு பேரும் எழுந்து நிப்பாங்க. "குட் மார்னிங் மேடம்"னு ஒரே குரல்ல சொல்லுவாங்க. நான் நேரா போர்டுல தேதி எழுத ஆரம்பிச்சிடுவேன். நாளைக்குன்னு தள்ளினேன். அடுத்த வாரம்னு தள்ளினேன். அப்புறம் வேற பாடம் வந்துடுச்சு. இது பரிட்சையில வராதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

— வந்துச்சா?

— நாலு கணக்கு வந்துச்சு.

— நாலா!

— கேள்வித்தாளைப் பிரிச்சதும் ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். வருஷா வருஷம் நம்ம ஸ்கூல்லேர்ந்து ஏழெட்டுப் பேருக்கு இடம் கிடைக்கும். இந்த வருஷம் உங்க பொண்ணு ஒருத்திதான். எல்லாரும் அந்த ஒருத்தியைப் பார்த்துக் கை தட்டினாங்க. மிச்ச ஆறேழு பேர் எங்கேன்னு யாரும் கேக்கல. துணி போர்த்தினாங்க. நான் வாங்கிக்கிட்டேன் நியாலோங்வே. வேணாம்னு சொல்லக்கூட வாய் வரல.

— எஸ்னாத் அம்மா அன்னிக்கு என் பக்கத்துலதான் நின்னு கை தட்டினா.

— தெரியும். பார்த்தேன்.

— டீச்சர்.

— சொல்லு தோவேரா.

— நீங்க கூடையிலேர்ந்து அந்தக் காகிதத்தை எடுத்தது எனக்குத் தெரியும்.

— உனக்கு எப்படி...?

— கக்கூசுக்குப் பின்னாடி புல்லு வெட்டிக்கிட்டு இருந்தேன்ல. அங்கேர்ந்து நம்ம கிளாஸ் ஜன்னல் தெரியும். நீங்க அதை டேபிள்ல வச்சு உள்ளங்கையால நீவி நீவி நிமிர்த்தினீங்க. ரொம்ப நேரம் படிச்சீங்க. அப்புறம் தலையில கை வச்சுக்கிட்டீங்க.

— கடவுளே.

— எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. மிச்சப் புல்லை வேகமா வெட்டினேன். நாளைக்குக் காலையில டீச்சர் சொல்லிடுவாங்கன்னு நினைச்சேன்.

— நான் சொல்லல.

— சொல்லல. அதுக்கு அடுத்த நாளும் காத்திருந்தேன். நீங்க சாக்பீஸை எடுக்கிறப்பல்லாம், இதோ இப்பன்னு நினைப்பேன். நீங்க என் பக்கம் பார்க்கவே மாட்டீங்க. கை தூக்கினாலும் பார்க்க மாட்டீங்க. அப்புறம் நான் கை தூக்குறதை நிறுத்திட்டேன்.

— நீ கை தூக்கினது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பார்க்காம இருந்தேன்.

— ஒருத்தருக்கு உண்மை தெரிஞ்சிருந்தும் சும்மா இருக்க முடியும்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது டீச்சர். அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது.

— அழாதீங்க மேடம். இந்தாங்க, இந்தத் துணியில துடைச்சுக்கோங்க, இது சுத்தமாத்தான் இருக்கு. எனக்கு உங்க மேல கோவம் தீரல, அதைச் சொல்லிடுறேன். ஆனா என் வீட்டுல நின்னு யாரும் அழுதுட்டுப் போகக் கூடாது.

— நான் அழ வரல நியாலோங்வே. மன்னிச்சிடுங்க. தோவேரா, நான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன். எப்பவோ கேட்டிருக்கணும். உன்னைப் பார்த்து எல்லார் முன்னாடியும் சிரிச்சேன், மன்னிப்பை மட்டும் மீன் கொடிக்குப் பின்னாடி ஒளிஞ்சு கேக்குறது சரியில்ல. அதனால திங்கக்கிழமை காலையில எட்டாம் வகுப்புல சொல்லப் போறேன். மே மாசம் பரிட்சை எழுதினவங்கள்ல பாதிக்கு மேல அங்கதான் திரும்ப வந்து உக்காந்திருக்காங்க. ஹெட்மாஸ்டர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன்.

— அவரு என்ன சொன்னாரு?

— "போனது போகட்டும், எதுக்குக் கிளறுறீங்க, ஸ்கூல் பேரு என்ன ஆகும்"னாரு. சாப்பிட்டு நல்லாத் தூங்கச் சொன்னாரு. நான் சொல்லத்தான் போறேன்.

— சொல்லாதீங்க டீச்சர்.

— ஏன்? என் மானம் போயிடும்னா? போகட்டும் தோவேரா. பத்து மாசமா வச்சுக் காப்பாத்தி அதுல ஒண்ணும் மிச்சமில்ல.

— உங்க மானத்துக்காகச் சொல்லல.

— பின்ன?

— ஒண்ணுமில்ல.

— என் மேல இருக்கிற கோவத்துலதானே முசூசுக்குப் போக மாட்டேங்குறே? போனா எல்லாரும் கோண்ட்வே மேடம் அனுப்பி வச்ச பொண்ணுன்னு சொல்லுவாங்க, அது உனக்குப் பிடிக்கல. நியாயம்தான். ஆனா கேளு. நான் சொல்லிக் குடுத்ததால நீ ஜெயிக்கல. நான் சொன்னதைக் கேக்காததால ஜெயிச்சே. நீ பரிட்சையில பதினாலு வழியிலதான் எழுதியிருப்பே, சரிதானே?

— ம். நாலையும்.

— அதான். இந்த இடம் முழுக்க முழுக்க உன்னுது. எனக்கு அதுல ஒரு துளி பங்கு கிடையாது. அதையும் திங்கக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்றேன். அப்புறமாவது போவியா?

— பதில் சொல்லுடி. மேடம் கேக்குறாங்கல்ல? நானும் கேக்குறேன். நான் போட்ட அந்த நாலு அடிக்கு நானும் உன்கிட்ட... என்ன சொல்றதுன்னு தெரியல எனக்கு. எங்க வீட்டுல பிள்ளைங்ககிட்ட யாரும் மன்னிப்புக் கேட்டுப் பார்த்ததில்ல. கேட்டுட்டதா வச்சுக்கோ. போடி கண்ணு. செவ்வாய்க்கிழமை பஸ் இருக்கு. நானே பெட்டியைத் தலையில வச்சுக் கொண்டு வந்து ஏத்துறேன்.

— திங்கக்கிழமை நானும் வரேன் டீச்சர்.

— எங்கே? கிளாஸுக்கா?

— ம். நீங்க பேசும்போது பக்கத்துல நிக்கிறேன்.

— நீ வந்தா எனக்குத் தைரியமாத்தான் இருக்கும். ஆனா அது என் வேலை தோவேரா, நீ எதுக்கு வந்து நிக்கணும்? திரும்ப எல்லாரும் உன்னைப் பார்ப்பாங்க.

— பார்க்கட்டும். நீங்க பேசி முடிச்சதும் நானும் பேசணும்.

— நீ என்ன பேசப் போறே? அவங்க உன்னைப் பார்த்துச் சிரிச்சதுக்கா? அவங்களையும் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்றேன், வேணும்னா.

— அய்யோ, வேணாம் டீச்சர்! அதை மட்டும் பண்ணிடாதீங்க.

— சரி, பேசுறதைப் பேசு, எனக்கென்ன. பேசிட்டுச் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறுவியா, மாட்டியா? அதை மட்டும் இந்த அம்மாவுக்குச் சொல்லு.

— அவங்க போகச் சொன்னா போறேம்மா.

— யாரு போகச் சொல்லணும்?

— எஸ்னாத். தமாண்டா. எல்லாரும்.

— நல்லா இருக்கே கதை! நீ படிச்சு நீ வாங்கின இடம். அதுக்கு எஸ்னாத்கிட்ட என்ன உத்தரவு கேக்கறது?

— தோவேரா, இங்க பாரு. என்னைப் பாரு. அவங்க தோத்ததுக்கு நான் காரணம். நீ இல்ல. அதை நீ தூக்கிக்கிட்டு அலையாதே.

— நீங்க பாதிதான் டீச்சர்.

— என்ன பாதி?

— கணக்குப் பரிட்சை அன்னிக்குக் காலையில ஸ்கூல் கேட்டுக்கு வெளியே நின்னுக்கிட்டு இருந்தேன். எல்லாரும் என்கிட்ட வந்தாங்க. அந்த மீசைக்காரப் பசங்ககூட வந்தாங்க. யாரும் சிரிக்கல. யாரும் புரொபசர்னு கூப்பிடல. நவம்பருக்கு அப்புறம் முதல் தடவையா என்னைத் தோவேரான்னு கூப்பிட்டாங்க.

— எதுக்கு வந்தாங்க?

— எஸ்னாத்தான் கேட்டா. "தோவேரா, நாங்க உன்னைப் பார்த்துச் சிரிச்சது தப்பு. எங்களுக்குக் குழப்பமா இருக்கு. பதினாலா, இருபதா? உனக்குத்தான் தெரியும். நீ எதைச் சொல்றியோ அதையே எல்லாரும் எழுதுறோம்"னா.

— நீ...

— மணி அடிச்சிட்டாங்க டீச்சர். அவங்க நகரவே இல்ல. என் வாயையே பார்த்துக்கிட்டு நின்னாங்க.

— நீ என்னடி சொன்னே? சொல்லுடி. என்ன சொன்னே அவங்ககிட்ட?

— "டீச்சர் சொன்னா அது சரியாத்தான் இருக்கும், இருபதுன்னே எழுதுங்க"ன்னு சொல்லிட்டு, உள்ள போய் நான் பதினாலு எழுதினேம்மா.